வளைவில் அடிக்காத ஹாரன்

கண்ணு பிரபு,

வருகிற வாரம் உனக்குக் கல்யாணம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையோடு பேச எல்லாருக்கும் நேரம் கிடைக்கும், பெற்றவளுக்கு மட்டும் கிடைக்காது. வந்தவர்களை வாங்க என்று கூப்பிடுவதிலும், பந்தியில் யார் உட்கார்ந்தார்கள், யார் இன்னும் உட்காரவில்லை என்று பார்ப்பதிலுமே அன்றைய பொழுது போய்விடும். போனில் சொல்லலாம் என்றால், "சரிம்மா, சரிம்மா" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. உன் அப்பா பத்திரிகை வைக்க மேட்டுப்பாளையம் போயிருக்கிறார். காலையிலிருந்து மிஸ்ட் இறங்கிக்கிடக்கிறது, எதிர்வீட்டு வேலிகூடத் தெரியவில்லை. துவைத்துப் போட்ட துணி அடுப்படிக் கொடியில்தான் தொங்குகிறது. இந்த மலைமேல் அரவேணுவில் இருக்கிறவளுக்கு இதற்கு மேல் நல்ல நாள் எங்கே கிடைக்கப்போகிறது?

கல்யாணத்தன்று உனக்குப் புத்தி சொல்ல நிறையப் பேர் வருவார்கள். பெரியப்பா ஒன்று சொல்வார், உன் மாமா அதற்கு நேர்மாறாக ஒன்று சொல்வார். இரண்டையும் தலையாட்டிக் கேட்டுக்கொள். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம். அதுகூட நானாகக் கண்டுபிடித்ததில்லை, உன்னிடமிருந்து தெரிந்துகொண்டதுதான். நீ பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படித்தபோது நம் வண்டியின் ஹாரனைச் சரிசெய்து கொடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அது ஒரு நாள் வேலை. எனக்கு அப்படியில்லை. அதை நான் உன்னிடம் முழுதாகச் சொன்னதே கிடையாது.

அந்த வண்டி முதலில் உன் அப்பாவுடையது. அவருக்கு இடுப்பு வலி வந்த பிறகு கிக்கரை உதைக்க முடியவில்லை. தேயிலை ஃபேக்டரி நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான் என்பதால் அவர் நடந்து போக ஆரம்பித்தார். எனக்கோ கிராம சுகாதார நர்ஸ் வேலை. ஒரு படகர் ஊர் ஹட்டியிலிருந்து அடுத்த ஹட்டிக்கு, அங்கிருந்து தோட்டத் தொழிலாளர்களின் எஸ்டேட் லைனுக்கு என்று மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பஸ்ஸை நம்பினால் ஒரு வீடு பார்ப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். கியர் வண்டியை நான் ஓட்டப் போகிறேன் என்றபோது உன் அப்பாவே சிரித்தார். கற்றுக்கொண்டேன். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ரெயின்கோட், பின்னால் கட்டிய தடுப்பூசி ஐஸ் பெட்டி, இதுதான் என் கோலம். ஹட்டிப் பெண்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். அந்தச் சத்தத்துக்கே அழ ஆரம்பிக்கிற பிள்ளைகளும் உண்டு.

அந்த வருஷம் மழை தொடங்கிய சமயத்தில் ஹாரன் என்னை ஏமாற்ற ஆரம்பித்தது. நேர்ச் சாலையில் அழுத்தினால் நன்றாக அடிக்கும். வளைவில், அதுவும் எதிரே என்ன வருகிறதென்று தெரியாத மிஸ்ட்டில், கட்டைவிரல் வலிக்க அழுத்தினாலும் சில சமயம் மூச்சுக்கூட வராது. முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள், கீழ் எஸ்டேட்டுக்குப் போகும் வழியில், சில்வர் ஓக் மரங்கள் நிற்கும் அந்தக் கொண்டைஊசி வளைவில் அழுத்துகிறேன், சத்தமே இல்லை. எதிரே ஒரு டூரிஸ்ட் கார் என் பக்கத்துக்கே ஏறி வருகிறது. வண்டியை ஓரத்துக்கு ஒடித்து, தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தேன். முழங்கால் சிராய்த்து ரத்தம். ஐஸ் பெட்டி ஓடையில் கிடந்தது.

கார்க்காரர் நல்ல மனுஷன்தான். ஓடிவந்து தூக்கிவிட்டார். வண்டியையும் நிமிர்த்தி வைத்தார். பிறகு, "ஏங்க மேடம், இப்படி வளைவுல வர்றப்போ ஒரு ஹாரன் அடிச்சிருக்கலாமில்ல?" என்றார்.

"அடிச்சேனுங்க. ஹாரன் வேலை செய்யலை" என்று சொல்லி, அவருக்குக் காட்டுவதற்காக பட்டனை அழுத்தினேன். மலையே எதிரொலிக்கிற மாதிரி அடித்தது. அவர் பட்டனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விழுந்ததைவிட அந்தப் பார்வைதான் எனக்கு வலித்தது.

அன்றைக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு மூர்த்தியின் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். மூர்த்தி உன்னைவிடப் பெரியவன், எனக்குத் தம்பி மாதிரி. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி அழுத்தினான். அடித்தது. பத்து தடவை அழுத்தினாலும் அடித்தது. இருந்தாலும் என் பேச்சுக்காக ஹாரனின் பின்பக்கத் திருகாணியைத் திருகிச் சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தான். மறுநாள் மறுபடியும் வளைவில் சத்தம் இல்லை. அடுத்த தடவை ஹாரனையே மாற்றினான். அதற்கடுத்து பட்டனை மாற்றினான். மறுபடி நான் போய் நின்றதும், கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஹாரன் நல்லாத்தானுங்க இருக்குது. எதுத்தாப்புல வண்டி வந்த பதட்டத்துல நீங்க இண்டிகேட்டரை அமுக்கியிருப்பீங்களோ என்னமோ."

உன் அப்பாவும் வண்டியை ஃபேக்டரி ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். கிக்கரை உதைத்துக் கொடுக்க நானே போனேன். திரும்பி வந்து, "நல்லாத்தான் அடிக்குது புள்ள. நீ மிஸ்ட்டுக்குப் பயப்படற. வயசாகுதில்ல, பயம் வர்றது சகஜம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதுதான் மோசம். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

கண்ணு, ஒரு விஷயத்தை எல்லாரும் இல்லை இல்லை என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? நமக்கே சந்தேகம் வந்துவிடும். நான் என் கட்டைவிரலைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். வளைவு வருவதற்கு முன்னாலேயே பட்டன் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்ப்பேன். சாலையைப் பார்க்க வேண்டிய இடத்தில் பட்டனைப் பார்த்தால் வண்டி எங்கே போகும்? கடைசியில் எங்கள் ஹெல்த் சென்டர் டாக்டரம்மாவிடம் போய், "எனக்கு சென்டருக்குள்ளேயே ஏதாவது வேலை குடுங்க, ரவுண்டுக்கு வேற யாரையாவது அனுப்புங்க" என்று கேட்டுவிட்டேன். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அத்தனை வருஷம் ஓடிய ஓட்டம் அதோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நீ லீவில் வந்தாய். சாப்பிடும்போது உன் அப்பாதான் பேச்சை எடுத்தார், கொஞ்சம் கேலியாக. நானும் சிரித்து மழுப்பினேன். நீயும் சிரிப்பாய் என்று எதிர்பார்த்தேன். நீ சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "எப்பம்மா அடிக்க மாட்டேங்குது?" என்று கேட்டாய்.

"வளைவுலதான்."

"எல்லா வளைவுலயுமா?"

"அதெல்லாம் யாருடா கணக்கு வெச்சாங்க? சில வளைவுல அடிக்கும், சில வளைவுல அடிக்காது."

"எந்த வளைவுல அடிக்கும்?"

எனக்கு எரிச்சல் வந்தது. சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான். உன் ஆறாம் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "உங்க பையன் கேள்வி கேட்டே என்னைப் பாடம் முடிக்க விட மாட்டேங்கறான்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் எரிச்சலுக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இத்தனை நாளில் "அடிக்குதா, அடிக்கலையா" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். எப்போது, எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிறவன், நான் சொன்னது நிஜம் என்று முதலில் எடுத்துக்கொண்டால்தானே கேட்க முடியும்?

சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாய். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, சாவியைத் திருப்பி, என்னை ஏறி உட்காரச் சொன்னாய்.

"கண்ணை மூடிக்கம்மா. இப்ப சென்டர்ல இருந்து கீழ் எஸ்டேட்டுக்குக் கிளம்பற. எப்பவும் எப்படிப் போவியோ அப்படியே போ. எங்க ஹாரன் அடிப்பியோ அங்க அடி."

"ஏன்டா, அக்கம்பக்கத்துல பாத்தா பைத்தியம்னு நெனப்பாங்க."

"நெனச்சுட்டுப் போறாங்க. நீ ஓட்டு."

கண்ணை மூடினேன். முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு, எப்படி என்று சொல்லத் தெரியவில்லை, சாலை தானாக வந்தது. கடைவீதி, சர்ச் முக்கு, இடப்பக்க வளைவு. கை தானாக ஹேண்டில்பாரைத் திருப்பியது. அழுத்தினேன், அடித்தது. அடுத்து இன்னொரு இடப்பக்கம், அதுவும் அடித்தது. பிறகு பாலம், நேர்ச் சாலை, அங்கேயும் அடித்தது. அடுத்து சில்வர் ஓக் வளைவு. வலப்பக்கம் முழுக்க ஒடித்துத் திரும்ப வேண்டிய இடம். திருப்பினேன். அழுத்தினேன்.

சத்தம் இல்லை.

கண்ணைத் திறந்தேன். வண்டி வாசலில்தான் நிற்கிறது. ஹேண்டில் வலப்பக்கம் கடைசிவரை திரும்பியிருக்கிறது. என் விரல் பட்டன்மேலேயே இருக்கிறது, இண்டிகேட்டர்மேல் இல்லை. "அடிக்கலைடா! பாத்தியா, அடிக்கலை!" என்று கத்தினேன். ஹாரன் கெட்டுப்போனதற்கு அப்படிச் சந்தோஷப்பட்டவள் இந்த நீலகிரி மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பக்கத்து வீட்டுக்காரம்மா நிஜமாகவே எட்டிப் பார்த்தார். உன் அப்பா டீ டம்ளரோடு வந்து, தானே ஹேண்டிலைத் திருப்பித் திருப்பி அழுத்திப் பார்த்தார். நேராக வைத்தால் அடிக்கிறது, வலப்பக்கம் ஒடித்தால் இல்லை. "அட, ஆமா புள்ள" என்றார். அவரால் அன்றைக்கு அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ஆனால் அதற்கப்புறம் இன்றுவரை காலையில் வண்டியைத் துடைத்து, விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா, ஹேண்டிலை ரெண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் தருகிறார்.

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நீ முடிக்கவில்லை. "எப்ப நிக்குதுன்னு தெரிஞ்சுடுச்சு, ஏன் நிக்குதுன்னு இன்னும் தெரியலை" என்றாய். ஹாரனுக்கு நேராக பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துப் பார்த்தாய், அடித்தது, ஹாரன்மேல் குற்றம் இல்லை. பட்டனைக் கழற்றிப் பார்த்தாய், அதுவும் சுத்தம். பிறகு டேங்கைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டனிலிருந்து வரும் ஒயரை விரலாலேயே தடவிக்கொண்டு போனாய், நான் குழந்தைகளின் கையில் நரம்பு தேடுவதுபோல. ஹேண்டில் திரும்புகிற கழுத்துப் பகுதிக்கு வந்ததும் நின்றாய். என்றைக்கோ ஹெட்லைட் வேலை பார்த்த யாரோ ஒயர்களையெல்லாம் சேர்த்து அந்த இடத்தில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்த ஒயர் இழுபட்டு இழுபட்டு உள்ளே இருந்த செம்புக்கம்பி அறுந்திருந்தது. மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. நேராக இருக்கும்போது அறுந்த நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், ஒடித்தால் விலகிவிடும். பிளேடால் தோலைச் சீவி அதை என்னிடம் காட்டினாய். "நீ சொன்னது சரிதான்மா" என்றாய். அந்த மூன்று வார்த்தையை நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாய். நான் உள்ளே போய், அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும் கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்றுவிட்டு வந்தேன்.

அறுந்த இடத்தில் ஒட்டுப் போட்டு டேப் சுற்றியிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். வளைகிற இடத்தில் ஒட்டுப் போட்டால் திரும்ப அங்கேயேதான் அறும் என்று சொல்லி, பட்டனிலிருந்து டேங்குக்கு அடிவரை முழுசாகப் புது ஒயர் மாற்றினாய். கழுத்தருகில் இழுபடாதபடி கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டினாய். அப்புறம் ரெண்டு பேருமாகக் கீழ் எஸ்டேட் ரோட்டில் போனோம். நான் ஓட்ட, நீ பின்னால். நல்ல மிஸ்ட். சில்வர் ஓக் வளைவில் ஒடித்து அழுத்தினேன், அடித்தது. மிஸ்ட்டுக்குள்ளிருந்து ஒரு பஸ் பதிலுக்கு ஹாரன் அடித்தது. பிறகு அதன் மஞ்சள் விளக்கு தெரிந்தது, மெதுவாக, தன் ஓரத்தை விட்டு விலகாமல் வந்தது. டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். நான் பட்டனைக் குனிந்து பார்க்கவில்லை என்பது வளைவைத் தாண்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

மறுநாள் அந்த அறுந்த ஒயரை எடுத்துக்கொண்டு நீ மூர்த்தியிடம் கிளம்பியபோது எனக்குப் பயமாக இருந்தது. படித்த திமிரில் ஏதாவது பேசிவிடுவாயோ என்று நானும் கூடவே வந்தேன். நீ ஒயரை அவன் கையில் கொடுத்து, "அண்ணா, ஸ்டாண்டுல நேரா நிறுத்திப் பாத்தா யாருக்கும் தெரியாதுங்ணா. நானும் அம்மா ஓட்டறதைப் பாத்துதான் கண்டுபிடிச்சேன்" என்றாய். மூர்த்தி ஒயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, இத்தன நாளு உங்களை அலைய வெச்சுட்டேனுங்க" என்றான். டீ சொன்னான். குடித்துவிட்டு வந்தோம். இன்றைக்கும் அவன் நம் வண்டிக்கு மெக்கானிக், நம் வீட்டு மனுஷன், உன் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வரப்போகிறவன். நீ அன்றைக்கு வேறு மாதிரிப் பேசியிருந்தால் ஒயர் சரியாகியிருக்கும், ஆனால் ஒரு ஆள் அறுந்து போயிருப்பான்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உன் வீட்டுக்கு வரப்போகிற பெண் ஒருநாள் உன்னிடம், "ஏதோ சரியில்லை" என்பாள். என்ன சரியில்லை என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. நீ பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஹாரன் நன்றாகத்தான் அடிக்கும். அப்போது, "ஒண்ணுமில்லை, நீ பயப்படற" என்று அன்பாகச் சொல்லிவிடாதே. அன்றைக்கு என்னிடம் கேட்டாயே, அதையே அவளிடமும் கேள். எப்போது, எங்கே என்று கேள். அவள் ஓட்டுகிற சாலையில் கொஞ்ச தூரம் பின்னால் உட்கார்ந்து போய்ப் பார். குற்றம் உன்னிடம் இருப்பதாகத் தெரிந்தாலும் தெரியட்டும். கோயம்புத்தூரில் நீ சரிபார்க்கும் ஆஸ்பத்திரி மெஷின்களுக்குக் காட்டுகிற பொறுமையில் பாதி போதும், அவள் நன்றாக இருப்பாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ லீவு முடிந்து போன அடுத்த வாரம் நடந்தது இது. டாக்டரம்மாவிடம் போய், ரவுண்டை வேறு யாருக்கும் தர வேண்டாம், நானே போகிறேன் என்று சொல்லிவிட்டு, கீழ் எஸ்டேட் லைனுக்குப் போனேன். அங்கே ஒரு கர்ப்பிணிப் பெண், முதல் பிரசவம். நாலு நாளாகத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். அவளுடைய அம்மா நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டு, "பனிக்காத்து நர்ஸம்மா, வேற ஒண்ணுமில்ல. இவ எல்லாத்துக்கும் பயந்துக்குவா" என்றார். அந்தப் பெண்ணும் வெட்கத்தோடு, "ஒண்ணுமில்லீங்க, இப்ப பரவால்ல" என்றாள். இன்னும் நாலு வீடு பார்க்க வேண்டியிருந்தது. மழை வேறு. எழுந்திருக்கப் போனவள் உட்கார்ந்தேன். "எப்ப வலிக்குது கண்ணு? எந்திரிச்ச உடனேயா? எந்தப் பக்கம்? பார்வை எப்படி இருக்குது?" என்று கேட்டேன். வெளிச்சத்தைப் பார்த்தால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பிரஷர் பார்த்தேன். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. எஸ்டேட் ஜீப்பைக் கூப்பிட்டு, அவளைப் படுக்கவைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சாயங்காலத்துக்குள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர், அவர் சின்ன வயசுக்காரர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க சிஸ்டர். வழக்கமா தலைவலின்னு சொன்னா மாத்திரையைக் குடுத்துட்டுப் போயிடுவாங்க. இவ்வளவு விசாரிக்க யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"எம் பையன்கிட்டங்க" என்றேன்.

"ஓ, உங்க பையன் டாக்டருங்களா?"

"இல்லீங்க சார். எங்க வண்டி ஹாரனை ரிப்பேர் பண்ணுனான்."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, கண்ணு. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் வேறெதையும் யாரிடமும் சொன்னதில்லை.

உன் அம்மா